வாசகர் கேள்வி – பதில்: வொல்தெர்ராவில் ஓர் இரவு

சென்ற இதழில் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியிலுள்ள மலையூர்களைப் பற்றி எழுதியபோது, வொல்தெர்ரா என்ற ஊரை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஃபுளோரன்ஸில் நான்கு நாள் தங்கவிருக்கிறோம். அங்கிருந்து சான் ஜிமிஞானோவையும் வொல்தெர்ராவையும் ஒரே நாளில் காட்டித் திரும்ப அழைத்துவரும் சுற்றுலாப் பேருந்துகள் இருக்கின்றன. அது போதாதா?

பதில்: போதாது என்றே சொல்வேன். சான் ஜிமிஞானோவை அப்படிப் பார்ப்பதில் பெரிய இழப்பில்லை. இன்றும் நிற்கும் அதன் 14 கோபுரங்களும் தொலைவிலிருந்தே தெரியும். 1990-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் என்பதால் கூட்டமும் அங்கேதான் போகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, கடல்மட்டத்துக்கு மேல் 530 மீட்டர் அளவில், இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே தனித்து நிற்கும் வொல்தெர்ரா அவ்வளவு எளிதில் தன்னைக் காட்டிவிடுவதில்லை. பகலில் இரண்டு மணி நேரம் இறக்கிவிடப்படுகிறவர் நடுச்சதுக்கத்தையும் நாலைந்து கடைகளையும் பார்த்துவிட்டு வண்டியேறிவிடுவார். மாலை ஐந்து மணிக்குமேல், வெளியூர் வண்டிகளெல்லாம் இறங்கிப் போன பிறகு, சாம்பலும் மஞ்சளும் கலந்த அந்த மணற்கல் சுவர்களின்மேல் வெயில் சாயும்போது, தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். பத்தாயிரத்தை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட இந்த ஊரில் நான் நேசிப்பது அந்த நேரத்தைத்தான்.

நடுச்சதுக்கத்திலுள்ள பிரியோரி மாளிகை 1208-இல் தொடங்கி 1257-இல் முடிக்கப்பட்டது. டஸ்கனியில் நிலைத்திருக்கும் நகராட்சிக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. ஃபுளோரன்ஸின் புகழ்பெற்ற நகராட்சி மாளிகையான பலாட்சோ வெக்கியோவின் கட்டுமானம் தொடங்கியதே 1299-இல்தான் என்பதை நினைத்தால் இதன் மூப்பு விளங்கும். நகராட்சி அலுவலகம் இன்றும் அதே மாளிகையில்தான் நடக்கிறது. அதன் முகப்புச் சுவரில், சந்தையில் துணி அளப்பவர்கள் ஏமாற்றாமல் இருப்பதற்காக, அக்காலத்து நீள அளவான 'கன்னா'வைக் கல்லிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் கண்ணில் படும். எதிரே நிற்கும் கோபுரத்தில் ஒரு சிறிய கல் பன்றி அமர்ந்திருக்கிறது, கோபுரத்துக்கே 'பன்றிக்குட்டிக் கோபுரம்' என்றுதான் பெயர். ஓர் இரவாவது தங்குங்கள். இரண்டு இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: கார் ஓட்டாமல் அங்கே போய்ச்சேர முடியுமா? ரயில் நிலையம் உண்டா?

பதில்: ஊருக்குள் ரயில் இல்லை. முன்பு இருந்தது. மலையடிவாரத்திலுள்ள சலீனே என்ற இடத்திலிருந்து பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் ரயில் ஒன்று 1912 முதல் 1958 வரை ஓடியது. இப்போது சலீனே வரை மட்டுமே, கடற்கரையோர செச்சினா நகரத்திலிருந்து, ஒரு கிளைப்பாதை இருக்கிறது.

பேருந்தில் வருபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபுளோரன்ஸிலிருந்து கோல்லே தி வால் தெல்சா என்ற ஊருக்கு வந்து, அங்கே வண்டி மாற வேண்டும். பீசாவிலிருந்து வருபவர்கள் பொன்தெதேரா வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். எந்த வழியானாலும், இணைப்பு சரியாக அமைந்தால், இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் வண்டிகள் மிகக் குறைவு என்பதால், பயண நாளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கால அட்டவணையைப் பாருங்கள். நான் முதல்முறை போனபோது ஞாயிறு என்பதைக் கணக்கில் கொள்ளாமல் வண்டி மாறும் ஊரின் நிறுத்தத்தில் ஒரு பகல் முழுவதையும் கழித்தேன். ஊரைப் பார்க்க வேண்டிய பொழுது அங்கேயே கரைந்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

காரில் போகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். மதிலுக்கு உட்பட்ட பகுதியில் வெளியார் வண்டிகளுக்குத் தடை உண்டு. அந்த எல்லையைக் குறிக்கும் பலகையில் 'ஜோனா த்ராஃபிக்கோ லிமிதாதோ' என்று எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் கேமரா பதிவு செய்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கே வரும். மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்தங்களில் வண்டியை விட்டுவிட்டு நடப்பதே முறை.

கேள்வி: எனக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மலையூர் என்றாலே படிகளும் ஏற்றமும்தானே? என்னைப் போன்றவர்கள் ஆசைப்படலாமா?

பதில்: தாராளமாக ஆசைப்படலாம் அம்மா, ஆனால் எந்தப் பக்கமாக ஊருக்குள் நுழைகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். வடக்குப் பக்கத்து தோச்சோலா வாயிலில் 1245-ஆம் ஆண்டைச் சேர்ந்த அழகான நீரூற்று மண்டபம் ஒன்று உண்டு. அதைப் பார்க்க ஆசைப்பட்டு அங்கே இறங்கினால், ஊருக்குள் வர ஒரு நெடும்படிக்கட்டில் ஏற வேண்டியிருக்கும். அதை விட்டுவிடுங்கள். பேருந்து வந்து நிற்கும் மார்த்திரி தெல்லா லிபெர்தா சதுக்கம் ஊரின் மேல்மட்டத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து பிரியோரி சதுக்கம் சில நிமிட நடைதான். தெருக்கள் கல் பாவியவை, மழையில் வழுக்கும். ஆகவே அடித்தளம் கனமான காலணியும் ஒரு கைத்தடியும் அவசியம்.

உரோமானியர் காலத்து அரங்கம் மதிலுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. அதற்குள் இறங்காமலேயே, மதிலை ஒட்டி ஓடும் மேல்தெருவில் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி முழுவதையும் பார்க்கலாம், சொல்லப்போனால் அதன் அரைவட்ட அமைப்பு அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட இந்த அரங்கம் பல நூற்றாண்டுகள் ஊர்க்குப்பையின் அடியில் கிடந்தது. 1950-களில் என்ரிக்கோ ஃபியூமி என்ற உள்ளூர் அறிஞர், பெரிய அகழ்வுக்கான பண வசதி இல்லாத நிலையில், ஊரிலிருந்த மனநல மருத்துவமனையின் நோயாளிகளை உடன் சேர்த்துக்கொண்டு இதைத் தோண்டி எடுத்தார். உலகம் ஒதுக்கி வைத்திருந்தவர்களின் கைகள்தாம் அந்த இருக்கை வரிசைகளை மீண்டும் வெயிலுக்குக் கொண்டுவந்தன. மேலிருந்து பார்க்கும்போது அவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். 1978-இல் இத்தாலி மனநலக் காப்பகங்களை மூடும் சட்டம் இயற்றிய பின்னர் அந்த மருத்துவமனையும் படிப்படியாக மூடப்பட்டது.

கேள்வி: அங்கே ஒரு பழைய வளைவு வாயிலை ஊர்மக்களே காப்பாற்றினார்கள் என்று படித்தேன். அது உண்மைதானா?

பதில்: உண்மைதான். அந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்ல அனுமதி கிடைத்தால் நான் சொல்வது இதைத்தான்.

வொல்தெர்ரா இடைக்கால ஊர் என்று நாம் எழுதினாலும், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எத்ருஸ்கர்கள் 'வேலாத்ரி' என்ற பெயரில் இங்கே பெருநகரம் அமைத்திருந்தார்கள். உரோம் பேரரசு எழுவதற்கு முன் இத்தாலியின் நடுப்பகுதியில் செழித்தவர்கள் அவர்கள். அவர்கள் எழுப்பிய மதில் சுமார் 7 கிலோமீட்டர் நீளமுடையது. இடைக்காலத்தில் ஊர் சுருங்கியபோது கட்டிய மதில் அதில் பாதிகூட இல்லை. அந்தப் பழைய மதிலின் மிச்சங்களில் தலையாயது போர்தா அல்லார்கோ என்னும் தெற்கு வாயில். கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அதன் வளைவில் கருங்கல் போன்ற இருண்ட கல்லில் செதுக்கிய மூன்று தலைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுக் காற்றும் மழையும் அவற்றின் கண்ணையும் மூக்கையும் தேய்த்துவிட்டதால் அவை தெய்வங்களின் தலைகளா, மனிதர்களின் தலைகளா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்தில்லை.

1944 ஜூன் இறுதியில், நேசப்படைகள் நெருங்கி வந்துகொண்டிருந்தபோது, பின்வாங்கும் ஜெர்மானியப் படையினர் எதிரியின் வண்டிகள் நுழையாதபடி இந்த வாயிலை வெடிவைத்துத் தகர்க்க முடிவெடுத்தனர். வாயிலை அடைத்துவிட்டால் தகர்க்க வேண்டியதில்லை அல்லவா என்று ஊரார் மன்றாடினார்கள்; மிகக் குறுகிய கெடு கிடைத்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து, அந்த வாயிலுக்கு இட்டுச்செல்லும் தெருவில் பாவியிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, கைமாற்றிக் கொண்டுவந்து, ஒரு நாளுக்குள் வாயிலை முழுவதுமாக அடைத்துவிட்டார்கள். வெடிகள் வைக்கப்படவில்லை. போர் கடந்துபோனதும் அதே கற்களைத் திரும்பத் தெருவில் பதித்தார்கள். அந்த நிகழ்வைக் குறிக்கும் பலகை வாயிலருகில் இருக்கிறது. சதுக்கத்திலிருந்து இறங்கி அந்த வாயிலுக்கு நடக்கும் தெருவில் உங்கள் காலடியில் இருப்பவை, ஒருமுறை அந்த வாயிலுக்குக் கவசமாக நின்ற கற்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கும். எதைப் பார்ப்பது?

பதில்: குவார்னாச்சி அருங்காட்சியகம். மாரியோ குவார்னாச்சி என்ற குருவானவர் 1761-இல் தம் தொல்பொருள் சேகரிப்பையும் நூலகத்தையும் ஊர்மக்களுக்கே எழுதிவைத்ததால் உருவான இது, ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களில் ஒன்று. இறந்தவரின் சாம்பலை இட்டு வைத்த சிறு கல்பேழைகள் இங்கே 600-க்கும் மேல் இருக்கின்றன. அறை அறையாக அடுக்கியிருக்கும் அவற்றைப் பார்த்து முதலில் சலிப்புத் தட்டலாம். பல பேழைகளின் மூடிகளில் இறந்தவர் விருந்தில் சாய்ந்து அமர்ந்திருப்பதைப் போல் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றுள், சுடுமண்ணில் செய்த முதிய கணவன் மனைவியின் உருவத்தைத் தேடிச் சென்று பாருங்கள். அழகுபடுத்தும் எண்ணமே இல்லாமல், சுருக்கங்களும் குழிந்த கன்னமுமாக, ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருக்கும் அந்த இருவர் முன்னால் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். பலரும் தேடி வருவது 'மாலை நிழல்' என்று பெயர்பெற்ற வெண்கலச் சிலையை; ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் உயரத்தில், மாலை வெயிலில் நீளும் நிழலைப் போல இழுத்து நீட்டிய ஒரு சிறுவனின் உடல் அது.

ஒன்றுக்குமேல் நேரம் கிடைத்தால் ஓவியக்கூடத்துக்குப் போங்கள். அங்கே ரோஸ்ஸோ ஃபியொரெந்தீனோ 1521-இல் தீட்டிய 'சிலுவையிலிருந்து இறக்குதல்' இருக்கிறது. காற்று அடிக்கும் ஏணிகளின்மேல் பதறும் மனிதர்கள், நொறுங்கியதைப் போல மடிந்த ஆடைகள், கீழே முகம் பொத்தி நிற்கும் யோவான் என அது பார்ப்பவரை அமைதியாக விடுவதில்லை. அதைப் பார்த்த கையோடு பேராலயத்துக்குப் போனால், அதே காட்சியை 1228-இல் மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய சிற்பத் தொகுதியைக் காணலாம். இதில் துயரம் அடங்கிய குரலில் பேசுகிறது. மூன்று நூற்றாண்டு இடைவெளியில் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு வடிவங்கள் சில நிமிட நடைத் தொலைவில் கிடைப்பது அரிது. பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அலபாஸ்டர் கல்லில் செய்த பொருள்கள் அங்கே பெயர்பெற்றவையாமே. வாங்கி வரலாமா? சலவைக்கல்லிலிருந்து எப்படி வேறுபடுத்துவது?

பதில்: வாங்கலாம், ஆனால் கல்லின் குணம் தெரிந்து வாங்க வேண்டும். பழைய கிறித்தவத் தமிழில் 'வெள்ளைக்கல்' என்று சொல்லப்பட்டது இந்தப் பெயருடைய கல்தான். வொல்தெர்ராவில் கிடைப்பது ஜிப்சம் வகையைச் சேர்ந்தது; சலவைக்கல்லோ சுண்ணாம்புக்கல்லின் மாற்று வடிவம். ஜிப்சம் மிக மென்மையானது, நகத்தால் கீறினாலே தடம் விழும். சலவைக்கல்லில் நகம் ஒன்றும் செய்யாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நல்ல அலபாஸ்டர் உள்ளிருந்து ஒளிர்வதைப் போலத் தோன்றும், நரம்புகளும் மேகங்களும் தெரியும். கல் தூளைப் பசையோடு கலந்து அச்சில் வார்த்த பொருள்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் அந்த நரம்போட்டம் இராது, ஒரே அச்சில் பிறந்த பத்து உருவங்கள் ஒன்றுபோல வரிசையில் நிற்கும்.

எத்ருஸ்கர்கள் தங்கள் சாம்பல் பேழைகளைச் செதுக்கியதும் இதே கல்லில்தான். இடையில் நெடுங்காலம் மங்கிப்போன இத்தொழில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் தழைத்து, ஊரின் முதன்மையான பிழைப்பாக ஆயிற்று. இன்று பட்டறைகள் மிகக் குறைந்துவிட்டன. சந்துகளில் நடக்கும்போது கதவிடுக்கில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். கடைசல் பொறி சுழலும் ஒலி கேட்கும், தலைமுடியும் புருவமும் வெளுத்த கைவினைஞர் ஒருவர் இருப்பார். அப்படிப்பட்ட பட்டறையிலேயே வாங்குங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். விலை சற்றுக் கூடினாலும், அந்தப் பணம் கல்லைத் தொட்ட கைக்கே போகும், இந்தத் தொழில் இன்னொரு தலைமுறைக்குத் தங்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் தண்ணீர் பட விடாதீர்கள். இந்தக் கல் நீரில் மெல்லக் கரையும், மெருகு போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். பூச்சாடியாக வாங்கினால் காய்ந்த பூக்களுக்கு மட்டும் வையுங்கள். விமானத்தில் வரும்போது கைப்பையில் வைப்பதே பாதுகாப்பு.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது. ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். காட்டுப்பன்றி இறைச்சிக் குழம்பு இப்பகுதியின் தனிப்பெருமை என்பதால் உணவுப் பட்டியலில் எங்கும் 'சிங்கியாலே' என்ற சொல் இருக்கும். ரொட்டித் துண்டின்மேல் தடவி வரும் பழுப்பு நிற விழுது காளான்போலத் தோன்றினாலும் பெரும்பாலும் கோழி ஈரலாக இருக்கும். காய்கறி சூப்பிலும் இறைச்சி வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம், அதை அவர்கள் 'ப்ரோதோ' என்பார்கள். 'சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ' என்று சொன்னால் இறைச்சியும் அதன் சாறும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். பயறும் கருங்கோசும் ஊறிய ரொட்டியும் சேர்ந்த கெட்டிச் சூப்பு குளிருக்கு மிக இதமானது.

பாலாடைக்கட்டியில் சைவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இத்தாலியின் பெரும்பாலான பழைய பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள், பார்மிஜானோவும் அப்படித்தான். 'பெக்கொரீனோ தெல்லே பால்சே வொல்தெர்ரானே' என்னும் இவ்வூர் ஆட்டுப்பால் கட்டியிலோ, காட்டு முட்செடியின் பூவிலிருந்தோ ஆர்ட்டிச்சோக் பூவிலிருந்தோ எடுத்த சாற்றையே சேர்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்திருக்கும் விதி. பெயர் முழுவதையும் பார்த்து வாங்குங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இராது என்பதால் அந்தக் கட்டியோடு சேர்த்துத் தின்றால்தான் சுவை. இதில் எனக்கு எப்போதும் வியப்பு: அடிவாரத்துச் சலீனேயில் நிலத்தடி உப்பு எடுப்பது பழந்தொழில், மேலே ரொட்டியில் மட்டும் உப்பில்லை. உணவகங்கள் பிற்பகலில் மூடிவிடும், இரவு உணவு ஏழரைக்குமேல்தான்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

பதில்: ஏப்ரல் இறுதி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பரும் அக்டோபரும். ஆகஸ்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே 1398-ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிட்டதைப் போல உடையணிந்து விழா எடுக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது பிடிக்கும், வெயிலையும் கூட்டத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எம்மாதமானாலும் மாலையில் காற்று பலமாக வீசும், ஒரு மேலாடை கூடவே இருக்கட்டும்.

கேள்வி: படங்களில் ஊரின் உச்சியில் தெரியும் பெரிய கோட்டைக்குள் போக முடியுமா?

பதில்: வழக்கமான சுற்றுலாப் பயணியாகப் போக முடியாது. அது இன்றும் சிறைச்சாலை.

அந்தக் கோட்டை எழுந்ததற்குக் காரணம் படிகாரம். துணியில் சாயம் ஒட்டிப் பிடிக்கப் படிகாரம் வேண்டும். ஃபுளோரன்ஸின் செல்வமோ துணியில் இருந்தது. வொல்தெர்ராவின் நிலப்பகுதியில் படிகாரம் கண்டெடுக்கப்பட்டதும், அதன் உரிமை யாருக்கு என்ற தகராறு முற்றி, ஃபுளோரன்ஸின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த லொரென்ஸோ தே மெதிச்சி 1472-இல் உர்பினோவின் ஃபெதெரிகோ தா மொன்தெஃபெல்த்ரோ தலைமையில் படை அனுப்பினார். ஊர் சரணடைந்த பிறகும் படைவீரர்கள் புகுந்து சூறையாடினார்கள். ஊரார் மீண்டும் தலைதூக்காதபடி அவர்கள் தலைக்குமேலேயே ஃபுளோரன்ஸ் கட்டியது இக்கோட்டை. ஊரின் தன்னாட்சி அத்தோடு முடிந்தது.

அதே சுவர்களுக்குள் 1988-இல் ஆர்மாந்தோ புன்ஸோ என்ற நாடக இயக்குநர் கைதிகளைக் கொண்டு ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். 'கம்பஞ்ஞியா தெல்லா ஃபொர்தெத்ஸா' என்ற அக்குழு இன்று இத்தாலி முழுவதும் மதிக்கப்படுகிறது. கோடையில் சிறைக்குள்ளேயே நாடகம் நடக்கும் நாட்களில் வெளியாரும் அனுமதிக்கப்படுகிறார்கள். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அடையாள விவரங்களைக் கொடுத்துப் பதிய வேண்டும்.

கேள்வி: ஊரின் ஒரு பகுதி சரிந்து விழுந்துகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டோம். தங்குவது பாதுகாப்புத்தானா?

பதில்: தங்கும் இடங்களுக்கு அந்த அச்சம் வேண்டாம். சரிவது மேற்கு விளிம்பிலுள்ள பால்சே என்னும் செங்குத்துப் பள்ளம். மேலே மணற்கல், அடியில் களிமண். மழைநீர் கல்லின் வழியே இறங்கிக் களிமண்ணை இளக்கி அரித்துவிட, மேற்கல் தாங்கலின்றிப் பெயர்ந்து விழுகிறது. எத்ருஸ்கர்களின் கல்லறை நிலங்களையும் பழைய தேவாலயத்தையும் இப்படி அந்தப் பள்ளம் விழுங்கியிருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த துறவி மடம் ஒன்றும் அதன் விளிம்பருகில் நிற்கிறது. 1846 நிலநடுக்கத்தாலும் நெருங்கிவந்த சரிவாலும் அச்சமுற்ற துறவிகள் 1861-இல் அதை விட்டு வெளியேறினார்கள். 2014 ஜனவரி இறுதியில் கனமழைக்குப் பிறகு ஊரின் இடைக்கால மதிலிலேயே ஏறத்தாழ 30 மீட்டர் நீளம் இடிந்து விழுந்தது, அதை மீண்டும் கட்டியிருக்கிறார்கள். மறுபுறம், 2015-இல் கால்வாய் வேலைக்காகத் தோண்டியபோது, யாருக்கும் தெரியாமல் புதைந்து கிடந்த உரோமானிய வட்டரங்கம் ஒன்று வெளிப்பட்டது.

பால்சேயைப் பார்க்க, சான் பிரான்செஸ்கோ வாயில் வழியாக வெளியேறி சான் ஜுஸ்தோ தேவாலயத்தைத் தாண்டி அரைமணி நேரம் நடந்தால் போதும். வழியில் எத்ருஸ்க மதிலின் பெருங்கற்கள் புல்லுக்கிடையே கிடக்கும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், வேலி கட்டியிருக்கும் இடத்தைத் தாண்டாதீர்கள். கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அங்கே இருந்தால், வெட்டுண்ட களிமண் சுவர் இளஞ்சிவப்பாக மாறுவதையும், வானம் தெளிவாக இருந்தால் மேற்கே தொலைவில் கடல் மின்னுவதையும் காணலாம். திரும்பும் வழியில் தெருவிளக்குகள் குறைவு, கையில் ஒரு டார்ச் எடுத்துச் செல்லுங்கள்.